முதல் வரிசையில் ஓரிடம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

எங்கள் சபைப் போதகரான ஐயர் இன்று காலை ஆராதனையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முடியும்வரை ஒவ்வொருவரும் தன்னைத்தானே ஆராய்ந்து தினமும் நாலு வரி எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் படிக்கப்போவதில்லை, ஆகையால் உண்மையை எழுதலாம் என்றார். யாரும் படிக்கமாட்டார்கள் என்றால் எதற்கு எழுத வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்னைப் பற்றிய முதல் உண்மையாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

பெயர் தங்கையா ஜெயசிங். வயது அறுபத்திரண்டு. திருச்செந்தூர் ரோட்டில் கிரானைட், டைல்ஸ் கடை. மனைவி மேபல், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஒரே மகள் கனடாவில். சபையை நடத்தும் சேகரக் கமிட்டியில் பதினோரு வருஷமாக உறுப்பினர். ஐயர் நாலு வரிதான் கேட்டார். என் பெருமையைச் சொல்லவே ஐந்து வரி ஆகிவிட்டது.

நாற்பது நாளைக்கு மீனும் கறியும் வேண்டாம் என்று மேபலிடம் அறிவித்தேன். "ஏன், வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். பக்தி என்ற காரணம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது உண்மையையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் சரக்கு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனேனே, அது சரக்குக்காக அல்ல. இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்த பிறகுதான் எப்படிப்பட்ட கட்டி என்று சொல்ல முடியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். ஈஸ்டர் கழியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயமெல்லாம் கிடையாது, விசுவாசிக்கு என்ன பயம். ரிப்போர்ட்டை இத்தாலியன் டைல்ஸ் காட்லாக்குக்குள் வைத்திருக்கிறேன். அந்தக் காட்லாக்கை இந்த ஊரில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று பிரசங்கம் ஆஸ்தியைப் பற்றி. இங்கே சேர்ப்பது எதுவும் கூட வராது, நித்திய ஜீவனுக்கு என்ன சேர்த்திருக்கிறோம் என்று ஐயர் கேட்டார். நல்ல பிரசங்கம். இதை யாருக்காகச் சொல்கிறார் என்று சுற்றிப் பார்த்தேன். கமிட்டிச் செயலாளர் பால்துரைக்குத்தான் என்று முடிவு செய்தேன். பால்துரை அதே நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. பழைய கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. இனி அடக்கம் எல்லாம் பைபாஸுக்கு அந்தப் பக்கம் வாங்கிய புது இடத்தில். அங்கே குடும்பக் கல்லறை கட்டக் கூடாது, கல் வைக்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே மாதிரி மண்மேடு. பழைய தோட்டத்தில் ஏற்கெனவே கல்லறை கட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. கடைசியாக ஒரே ஓர் இடம் பாக்கி இருந்தது. முதல் வரிசை, வாசல் பக்கம், என் அப்பா அம்மா கல்லறைக்கு அடுத்தது. ஈஸ்டருக்குள் கட்டி முடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

பால்துரை மூச்சை இழுத்தார். அவர் அதை வெளியே விடுவதற்குள் நான் எழுந்து, பெற்றோர் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஏக்கம் என்று சொல்லிவிட்டேன். கைக்குட்டையைக்கூட எடுத்தேன். அப்பா உயிரோடு இருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியதாக எனக்கு நினைவில்லை. இடம் எனக்கே கிடைத்தது.

மார்ச் 2

வரைபடம் தயார். பூமிக்குக் கீழே செங்கல் கட்டி, நடுவே குறுக்குச் சுவர் வைத்து இரண்டு பெட்டிக்கு இடம். மேலே கறுப்பு கிரானைட், சுற்றிலும் இரண்டு படி. கடையிலிருக்கும் சரக்கிலேயே மிக உயர்ந்தது. வீடு கட்டும் வாடிக்கையாளர்கள் பலர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஏன் கொடுக்காமல் இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

மேபலிடம் காட்டினேன். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். வலது பக்கம் நீ" என்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். "அங்க போயி ஏஸி ஒண்ணு மாட்டப் போறியளா?"

மார்ச் 9

வேலை நடக்கிறது. குழி தோண்டுவது, கட்டுவது எல்லாம் எங்கள் கோயில்பிள்ளை மாசிலாமணியே பார்க்கிறார். கோயிலைப் பெருக்குவார், மணி அடிப்பார், குழி தோண்டுவார். முப்பது வருஷமாகத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார். அவர் மனைவி ஞானப்பூ இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. நம் இடத்தை ஒட்டி, மதிலோரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் சிலுவை. பெயர்கூட இல்லை. அது அங்கே இருந்தால் கீழ்ப்படி ஓர் அடி குறைந்துவிடும். அதைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னேன். கொத்தனார் கம்பியை எடுத்தார். மாசிலாமணி, "இரிங்க, அத நானே எடுத்து வைக்கேன்" என்று சொல்லிவிட்டு, மண்ணைக் கையால் பறித்து, சிலுவையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மதிலோரமாகவே சற்றுத் தள்ளி வைத்தார். அதற்கு அரை மணி நேரம் ஆனது. வேலையாளுக்கு வேகம் வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னேன்.

மார்ச் 11

மேபல் கடைக்கு வந்து அலமாரியெல்லாம் தூசி தட்டினாள். காட்லாக்குகளை அடுக்கி வைத்தாள். நன்றி சொன்னேன்.

மார்ச் 14

குழம்பில் உப்பு இல்லை. ரசத்திலும் இல்லை. கேட்டால், "லெந்துதானே" என்கிறாள். காலையும் மாலையும் பார்லித் தண்ணீர் வேறு. இன்று நான் சொன்ன ஒரு ஜோக்குக்குச் சிரித்தாள். முப்பத்தேழு வருஷத்தில் இந்த ஜோக்கை அவள் இருபது தடவையாவது கேட்டிருப்பாள், ஒரு நாளும் சிரித்ததில்லை. தியானம் அவளிடம் நன்றாக வேலை செய்கிறது. என்னிடம்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மார்ச் 16

பெயர் வெட்டக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள் இடம் பிடிப்பார்கள், குழிகூடக் கட்டி வைப்பார்கள். கல்லில் பெயர் வெட்டுவது மட்டும் ஆள் போன பிறகுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் போன பிறகு மருமகன் வந்து மட்டமான கல்லை வைத்துவிட்டுக் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டால் யாரைக் கேட்பது?

நான் எழுதிக்கொண்டு போன வாசகம் பதினைந்து வரி. கமிட்டி உறுப்பினர், கோயில் முன்மண்டபத்துக்குத் தரைக்கல் உபயம், ஏழைகளின் நண்பர் என்றெல்லாம் இருந்தது. பட்டறைக்காரர் படித்துவிட்டு, "இவ்வளவும் வெட்டுனா எழுத்து எறும்பு கணக்கா இருக்கும் ஐயா" என்றார். ஏழைகளின் நண்பரை முதலில் எடுத்தோம். கடைசியில் பெயரும் பிறந்த தேதியும், கீழே 'மகிமைக்குள் பிரவேசித்தது' என்பதும் மிஞ்சின. மேபலின் கல்லை அடுத்த மாதம் வெட்டலாம் என்று வைத்தாயிற்று.

"தேதிக்கு இடம் விடணும்லா ஐயா. வருசத்துல இருபதுங்கத மட்டும் இப்பமே வெட்டிருதேன். மிச்ச ரெண்டு எண்ண பிறவு பாத்துக்கிடலாம்."

நியாயமான யோசனை. சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த இரண்டு எண் எதுவாக இருக்கும் என்று டீ ஆறும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, வியாழன்

இன்று நான் செத்தேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கடையின் சரக்குக் கிட்டங்கியில் கல் தூசியில் நின்றுவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து கொல்லைக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது. துக்க மணி. எங்கள் சபையில் வயதுக்கு ஒன்றாக அடிப்பார்கள். சோப்புப் போட்டுக்கொண்டே எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியது. அறுபதைத் தாண்டியது. அறுபத்து மூன்றில் நின்றது. யாரோ நம் வயசுக்காரன் போய்விட்டான் பாவம், மாலை வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் முன்கூடத்தில் ஆட்கள் பேசும் சத்தம். பால்துரை குரல். பக்கத்து வீட்டுக்காரர் குரல். இன்னும் நாலைந்து பேர்.

"போன வாரம் பாத்தப்ப நல்லாத்தானய்யா இருந்தாரு அண்ணாச்சி."

"கடைய யாரு பாப்பா? மகளுக்கு இங்க வந்து இருக்க முடியாதுல்லா."

"கடைய விடுங்க. பைபாஸ் பக்கத்துல ஒரு கார்னர் பிளாட் உண்டே, அது யாரு பேர்ல இருக்கு?"

செத்தது நான் என்று அப்போதுதான் புரிந்தது, காரணம் பிறகு தெரிந்தது. பட்டறையிலிருந்து என் கல்லை ஏற்றிவந்த லோடு ஆட்டோக்காரர் கோயில் வாசலில் நின்று வழி கேட்டிருக்கிறார். மாசிலாமணி கல்லைப் பார்த்திருக்கிறார், அதில் என் பெயரையும் பார்த்திருக்கிறார். பெயர் வெட்டிய கல் வந்தால் ஆள் இல்லை என்றுதான் இந்த ஊரில் அர்த்தம். கடைக்கு ஃபோன் அடித்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. நேரே மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

உடனே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடுப்பில் துண்டோடு, உடம்பில் காய்ந்த சோப்போடு, கதவுக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றேன். என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வரட்டும், வந்ததும் வெளியே போகலாம் என்று காத்திருந்தேன். கடை வந்தது, பிளாட் வந்தது, லாரி வந்தது, பாளையங்கோட்டையில் இருக்கும் வாடகை வீடு வந்தது. எனக்கே மறந்துபோன ஒரு தென்னந்தோப்பு வந்தது. நான் வரவில்லை.

கடைசியாக மாசிலாமணி ஓடி வந்தார். மூச்சு வாங்க அழுதார். "இருவத்துநாலு வருசத்துக்கு முந்தி எம்புள்ள செத்தன்னைக்கு மொதலாளி கடைய அடச்சிட்டு வந்து நின்னாவ. ஒரு ஆளும் வரல்ல அன்னைக்கு, மழ. அவ்வொதான் கொடய எம்பொஞ்சாதிக்குப் பிடிச்சிட்டு நின்னாவ" என்றார்.

எனக்கு அது நினைவே இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. நான் செய்த ஒரே நல்ல காரியத்தை நான் மறந்துவிட்டேன், அவர் இருபத்து நாலு வருஷமாக வைத்திருக்கிறார்.

துண்டோடு வெளியே வந்தேன். அதன் பிறகு நடந்த கூச்சலை எழுத வேண்டாம். பால்துரை கையிலிருந்த மாலையைப் பின்னால் மறைத்தார், வாங்கிய மாலையை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. மாசிலாமணி என் காலைத் தொடப்போனார், தடுத்துத் தூக்கினேன். எனக்கு அறுபத்திரண்டுதான், ஏன் ஒன்று கூடுதலாக அடித்தீர் என்று கேட்டேன். நடப்பு வயசையும் சேர்த்துத்தான் அடிப்பது என்றார்.

மேபல் மார்க்கெட்டில் இருந்திருக்கிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பிறகு உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரங்கள் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. என்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 24

நேற்று அடித்த மணிக்காக மாசிலாமணியைக் கமிட்டி கண்டிக்கப் போகிறதாம். தப்பு கல் வெட்டச் சொன்னவனுடையது, அதாவது என்னுடையது என்று எழுதிக்கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒம்ம பிள்ளைய எந்தப் பக்கம் வச்சிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். கட்டிலிலிருந்து ஞானப்பூ சொன்னார். "ஒங்க எடத்துக்கு அடுத்தாப்புலதான் மொதலாளி. மதிலோரம். சுகிர்தான்னு பேரு. ஏழு வயசு. பேரு எழுத அப்பம் வசதி இல்ல."

நான் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"என்னையப் புது எடத்துக்குத்தான் கொண்டுபோவாவளாமே. அங்க எம்புள்ள இல்லையே. நான் போயிட்டா இவரு சாயங்காலம் பேசிக்கிட்டிருக்க நானும் புள்ளையும் ஒரு எடத்துல இருக்கட்டும்னு பாத்தேன்" என்றார் ஞானப்பூ. குறை சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நியாயத்தீர்ப்பு நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

மார்ச் 26, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 29

கல்லறை முடிந்தது. கல்லில் முகம் தெரிகிறது. பால்துரை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அவர் முகம் சுருங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து உப்பில்லாத சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். மேபல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து, கையில் ஓலையோடு தோட்டத்துக்குப் போய்க் கீழ்ப்படியை ஓர் அடி வெட்டச் சொன்னேன். சிலுவை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இந்தத் தியாகத்துக்குப் பரலோகத்தில் எக்காளம் ஊதும் என்று நின்று பார்த்தேன். "நல்லது மொதலாளி" என்று மட்டும் சொன்னார் மாசிலாமணி.

ஆனால் உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறார் ஐயர். படியைத்தான் கொடுத்தேன். ஞானப்பூ கேட்டது படியை அல்ல.

ஏப்ரல் 5, புதன்

காலை ஆறு மணிக்கு ஞானப்பூ போய்விட்டார். மனைவிக்காக மாசிலாமணியே மணி அடித்தார். வேறொருவர் அடிக்கட்டும் என்று ஐயர் சொன்னதற்கு, "அவளுக்கு எத்தனன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாராம். ஐம்பத்தாறு. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் ஒழுங்காக எண்ணினேன்.

கமிட்டி கூடியது. பழைய தோட்டத்தில் தோண்ட ஓர் அடி மண்கூட இல்லை, நாளைச் சாயங்காலம் புது இடத்தில் அடக்கம் என்று முடிவானது. பிள்ளையின் குழியையே திறக்கலாமே என்று ஐயர் கேட்டார். மதில் அஸ்திவாரம் தடுக்கிறது, பெட்டி இறங்காது என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அறையில் ஒரு பெரிய கறுப்பு கிரானைட் கல்லறையைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது.

நான் எழுந்தேன். ஞானப்பூவுக்கு என் செலவில் ஒரு பெயர்ப்பலகை செய்து தருகிறேன் என்றேன். புது இடத்தில் கல் வைக்கக் கூடாது என்று நாமே தீர்மானம் போட்டிருக்கிறோம் அண்ணாச்சி என்றார் பால்துரை. அப்படியானால் மலர்வளையம் என்றேன். உட்கார்ந்தேன்.

அந்தக் குழியை விட்டுக்கொடுத்தால் எனக்கு என்ன ஆகும்? நான் செத்துப் போயிருப்பேன், எனக்கு ஒன்றும் ஆகாது. இது தெளிவாகத் தெரிகிறது. தெரிந்தும் கை விடமாட்டேன் என்கிறது. இந்த இரண்டு மாதமாக, கட்டியை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கல்லைத்தான் நினைத்துக்கொண்டேன். அங்கே வழவழப்பாக, சுத்தமாக, அப்பாவுக்குப் பக்கத்தில் ஓரிடம் இருக்கிறது என்று. ஆண்டவரை நினைத்திருக்க வேண்டும். கிரானைட்டை நினைத்தேன்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

காலையில் மேபல் பார்லித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கல்லறைல ரெண்டு பேருக்கு எடம் இருக்குன்னுதானே சொன்னிய?"

"ஆமா."

"வலது பக்கம் எனக்குத்தானே?"

"ஒனக்குத்தான்."

"அத ஞானப்பூவுக்குக் குடுத்துட்டேன். விடியக்காலமே மாசிலாமணிட்டயும் ஐயர்ட்டயும் சொல்லிட்டு வந்தாச்சு. ஒங்க பக்கம் ஒங்களுக்கே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. கேட்காமல் எப்படிக் கொடுத்தாய் என்று சத்தம் போட்டேன். என் பங்கு தானே என்றாள். அப்புறம் நீ எங்கே போவாய் என்றேன். "பைபாஸுக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைப் போட எழுந்து போய்விட்டாள். கணக்கு டீச்சரோடு வாதாடி நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். முதல் வரிசையில் ஞானப்பூவும் நானும் பக்கத்தில் பக்கத்தில். மாசிலாமணி ஒரு மண்மேட்டில், மேபல் ஒரு மண்மேட்டில், இரண்டு மைல் தள்ளி. உயிர்த்தெழும் காலையில் எழுந்து உட்கார்ந்து ஞானப்பூவிடம் நான் என்ன சொல்லுவேன்? நல்லா தூங்குனீங்களா என்றா கேட்பது? மேபலைத் தேடிக்கொண்டு பைபாஸ்வரை வேறு நடக்க வேண்டும்.

கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். கட்டியவர் சம்மதித்தால் வேறொருவரை வைக்கலாம் என்று விதியில் இருக்கிறது. வலது பக்கம் ஞானப்பூவுக்கு, இடது பக்கம் பின்னாளில் மாசிலாமணிக்கு. கையெழுத்தைப் போட்டுவிட்டு, கொடுக்க மனசில்லாமல் இன்னொரு தடவை வாசித்தேன். தாழ்மையால் தயங்குவதாக ஐயர் நினைத்திருக்கலாம்.

சாயங்காலம் அடக்கம். மாசிலாமணி தானே உள்ளே இறங்கித் தரையைத் துணியால் துடைத்தார். பெட்டி இறங்கியபோது, "புள்ளைக்கு எட்டுற தூரந்தான்" என்று ஞானப்பூவிடம் சொன்னார். நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. ஆண்டவர் அடக்கம் பண்ணப்பட்ட பகுதி வந்தபோது, தனக்கென்று வெட்டி வைத்த புதுக் கல்லறையை அவருக்குக் கொடுத்த அந்த ஐசுவரியவானைப் பற்றி ஐயர் உருக்கமாகப் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மூன்று தடவை என் பக்கம் பார்த்தார், சபையும் கூடவே பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிவதற்கு முன் எல்லாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன்.

கொடுத்தது மேபல் என்று எழுந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்னொன்றும் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த மனுஷனுக்குக் கல்லறை மூன்றாம் நாளே காலியாகத் திரும்பிக் கிடைத்தது. இந்த நினைப்பு வந்து, பெரிய வெள்ளி ஆராதனையில், ஐயர் கண்ணெதிரே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேபல் தொடையில் கிள்ளினாள்.

ஏப்ரல் 8

கல்லறையிலிருந்து எடுத்துவந்த என் பெயர் வெட்டிய கல் முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. திருப்பி விற்க முடியாது, ஜெயசிங் என்று பெயருள்ள இன்னொருவர்தான் வாங்க வேண்டும். மேபல் ஆட்களை வைத்துக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் குப்புறப் போட்டுத் துவைக்கிற கல்லாக்கிவிட்டாள். சொரசொரப்பான பக்கம் மேலே. பெயர் மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. மத்தியானம் என் வேட்டியை அதில் அடித்துத் துவைத்தாள். வெளுப்பாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். லெந்து முடிந்துவிட்டது, ஐயர் சொன்ன கணக்குப்படி இனி எழுத வேண்டியதில்லை. மீன்குழம்பு. உப்பில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் மேபல், "கெளம்புங்க, நம்ம எடத்தப் பாத்துட்டு வருவோம்" என்றாள். ஸ்கூட்டரில் பைபாஸ் தாண்டிப் போனோம். பொட்டல் காடு. சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே நாலு உடைமரம், யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒருவரையும் அங்கே வைக்கவில்லை. ஒரு மர நிழலில் மண்ணிலேயே உட்கார்ந்தோம். காற்று நன்றாக வந்தது.

"புதன்கெழமைக்கு டாக்டர்ட்ட சொல்லியிருக்கேன். நாளைக்கே அட்மிட் ஆவணுமாம்" என்றாள்.

"எந்த டாக்டரு?"

"காட்லாக்குக்குள்ள இருக்க டாக்டரு."

வேறு பக்கம் பார்த்தேன். அவள் விடவில்லை. ஒரு மாசமாக நீங்களே சொல்லுவீர்கள், சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அன்றைக்கு மார்க்கெட்டில் மணிச் சத்தம் கேட்டபோது, சொல்லாமலே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன் என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் பயமில்லை என்று நான் எழுதியிருப்பது பொய். "ஆமா மேபல். ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெபம் பண்ணுங்க."

கமிட்டியில், கல்யாண வீட்டில், கடை திறப்பில் எத்தனையோ ஜெபம் செய்திருக்கிறேன். என்னை நிறுத்துவதற்குத்தான் ஆட்கள் இருமிக் காட்ட வேண்டும். இன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. கையில் கொடுக்க ஒன்றுமில்லாமல், கேட்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள், "தெரிஞ்சதச் சொல்லுங்க போதும்" என்றாள்.

ஐம்பது வருஷமாக ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று, எல்லாரோடும் சேர்ந்து, நித்திய ஜீவன் உண்டென்று விசுவாசிக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது மனசு மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். இன்று அந்தப் பொட்டலில், மண்ணில் உட்கார்ந்துகொண்டு, அதையே சொல்லப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. மேபல் அவசரப்படுத்தவில்லை, கையையும் விடவில்லை. இரண்டாம் தடவை முழுதாக வந்தது.